ஜான்சி பாலனைத் தூக்காத வருஷம்

"இன்னாக்கா, காலைலருந்து வாயே தொறக்கல? மீனெல்லாம் உன்ன ஏற எறங்கப் பாக்குது. செத்தது நாமளா இவளான்னு."

குப்பன் ஜான்சியைக் கேட்டான். பட்டினப்பாக்கத்து மீன் மார்க்கெட்டில் அவளுக்குப் பக்கத்துப் பலகையில் மீன் வெட்டித் தருகிறவன் குப்பன். வாய் ஓயாதவன். அவளுக்கும் வாய் ஓயாது. இரண்டு பேர் போடும் சத்தத்தில்தான் அந்த வரிசைக்கே பொழுது விடியும். இன்றைக்கு அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் நடுவே, ஐஸிலிருந்து எடுத்துப் போட்டவள் மாதிரிச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒடம்பு வலிக்குதுடா. ஒலக்கைல போட்டு இடிச்ச மாரி கீது."

"நேத்து நல்லாத்தானே இருந்த?"

"நல்லாத்தான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தேன். விடியசொல்ல கால எடுத்துக் கீழ வெக்க முடியல. குளுரு வேற."

"மழைல நனைஞ்ச இல்ல, அதான். மெடிக்கல்ல சொன்னா நாலு கலர்ல மாத்திர தருவான். சேத்து முழுங்கினா யான கூட எழுந்து ஓடும்."

"முழுங்கியாச்சு. வீட்ல போன வருசத்து மிச்சமும் இருந்திச்சு. அதையும் சேத்துப் போட்டுகினேன்."

"அப்புறம் இன்னா? சாய்ங்காலம் பாலனத் தூக்கிகினு ஆடிகினே வருவ."

அதற்கு மட்டும் ஜான்சி நிமிர்ந்தாள். "வராம? பாலன் இன்னா நடந்தா வருவாரு?"

பாலன் என்றால் குழந்தை இயேசு. முழங்கை நீளத்துக்கு ஒரு சிலை; சுரூபம் என்பார்கள். மார்கழி மழைக்கு நடுவே, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம், குப்பத்துச் சந்தில் டிரம்மும் பாட்டும் தாத்தா வேஷமுமாக வீடு வீடாக அவரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் சின்னவர் எல்லாரும் அவர் பாதத்தில் முத்தம் வைப்பார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் தூக்குகிறவள் தன் முந்தானையால் பாதத்தைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டுவாள். இதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தச் சந்தில் மட்டும் கூடுதலாக ஒரு வழக்கம்: பாலனைத் தூக்குகிறவள் பிள்ளை இல்லாதவளாக இருக்க வேண்டும். எந்தச் சாமியாரும் வைத்த சட்டமில்லை. யாரோ ஒருத்தி தூக்கினாளாம், மறுவருஷம் மடியில் பிள்ளையோடு கோயிலுக்கு வந்தாளாம். அன்றிலிருந்து அப்படி.

ஜான்சி கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்துத் தூக்க ஆரம்பித்தாள். மடி நிறையவில்லை. பிறகு ஒரு புயல் மாசத்தில் புருஷனும் போனான். வேண்டுதல் போய்விட்டது, தூக்குவது மட்டும் தங்கிவிட்டது. யாரும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வாய் திறக்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. 'பாலன் ஜான்சி' என்பது பெயராகவே ஆகிவிட்டது. அந்த ஒரு சாயங்காலம் எல்லா வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கும். "வாக்கா, உக்காருக்கா, ஒரு வாய் கேக்கு துன்னுட்டுப் போக்கா" என்பார்கள். முத்தம் வைக்கக் குனிகிறவர்கள் நிமிரும்போது அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் நிமிர்வார்கள். மற்ற நாட்களில் அவளைத் தேடி ஆட்கள் வருவது மீனுக்காக. பலகையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அவள் வீட்டு வாசலை மிதிக்கிறவர் இல்லை.

மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் வஞ்சிரத்தைக் குனிந்து பார்த்தாள். ஜான்சி விலை சொல்ல வாயெடுத்தாள். விலைக்குப் பதில் இருமல் வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்தாள், வண்டியைக் கிளப்பினாள், போய்விட்டாள்.

"மார்கழில ஐயப்ப சாமிங்க ஒருபக்கம் யாவாரத்தக் கெடுக்குறாங்கன்னு பாத்தா, நீ வேற," என்றான் குப்பன். "எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக்கா. பலகைய நான் பாத்துக்குறேன். இப்டி ஒக்காந்து கீறத பாத்தா, உனக்கே ஐஸ் போடணும் போல கீது."

*

கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததை ரூபீனா சிஸ்டர் வாங்கிப் படித்தாள். படிப்பதற்கு முன்னாலேயே ஒரு மாஸ்க்கை எடுத்து ஜான்சி கையில் கொடுத்துவிட்டாள்.

"மூக்கையும் சேர்த்து மூடுங்கம்மா. தாடைக்குப் போடறதுக்கா இது? எப்போ ஆரம்பிச்சது?"

"படுக்கசொல்ல ஒண்ணும் இல்ல. விடியசொல்ல அடிச்சிப் போட்டுச்சு."

"சாதாரண சளின்னா மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போவீங்க. இது ஒரே அடியா வந்திருக்கு. குளிர், உடம்பு வலி, வறட்டு இருமல். ஃப்ளூ. இந்த மழைக்கு தினம் வந்துட்டே இருக்காங்க."

"பேரு எதுவா இருந்தா இன்னா சிஸ்டர். ஒரு ஊசியப் போடு. சாய்ங்காலம் எனக்கு வேல கீது."

"டாக்டர் ஊசி எழுதல. காய்ச்சலுக்கு இந்த மாத்திரை, கஞ்சி, நிறையத் தண்ணி, படுக்கை. அவ்வளவுதான் வைத்தியம்."

"காலைல கலர் மாத்திர கூடப் போட்டேனே?"

ரூபீனா கண்ணை மூடித் திறந்தாள். "என்ன கலர்?"

"செவப்பும் கறுப்பும்."

"அது வேற கிருமிக்கும்மா. இந்த வைரஸை அது ஒண்ணும் பண்ணாது. உங்க வயித்தைத்தான் ஒரு வழி பண்ணும். இனிமே தொடாதீங்க."

"அப்போ இந்த ஃப்ளூவுக்கு ஊசியே இல்லியா?"

"இருக்கு. வர்றதுக்கு முன்னாடி போடறது. மழை பிடிக்கிறதுக்கு முந்தியே போட்டுக்கணும். உடம்புல அது வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும். அதுவும் வருஷா வருஷம் போடணும். இந்தக் கிருமி வருஷத்துக்கு ஒரு சட்டை மாத்திக்கிட்டு வரும். பழைய ஊசிக்குப் புதுச் சட்டையில ஆளை அடையாளம் தெரியாது."

"கிறிஸ்மசுக்குத் துணி எடுக்குற மாரி."

"அதே மாதிரிதான். வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நாந்தான்."

"உங்களைத் தவிர?"

"என்னத் தவிர இன்னா? நாந்தான்."

"அப்பா, நல்லதாப் போச்சு. யாருக்கும் ஒட்டாது."

சிஸ்டர் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜான்சியும் மாஸ்க்குக்குள் சிரித்தாள். தனியாக இருப்பதற்காக இதுவரை அவளை யாரும் பாராட்டியதில்லை.

"ஒரு வாரத்துக்குக் கூட்டத்துல போகாதீங்க. கடைக்கும்தான். ஜன்னலைத் திறந்து வெச்சிப் படுங்க. மூக்கைத் தொட்டீங்கன்னா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. இருமல் வந்தா இப்படி, முழங்கையை மடக்கி அதுக்குள்ள."

"மாத்திர போட்டுக் காச்சல் எறங்கிடுச்சுன்னா போலாமில்ல?"

"எறங்கினா அது மாத்திரை எறக்கினதும்மா. உள்ள இருக்கிறது உள்ளேதான் இருக்கும், அடுத்தவங்களுக்கும் போகும். மாத்திரையே போடாம ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருக்கணும். அப்புறம் யோசிக்கலாம்."

ஜான்சி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "சிஸ்டர், ஒரு சுரூபம் கீதுன்னு வெச்சிக்க. தெருவே அதுக்கு முத்தம் குடுக்குது. நான் ஒவ்வொரு வாட்டியும் தொடைச்சிட்டுத்தான் அடுத்தவங்களாண்ட நீட்டுவேன்."

"எதால துடைப்பீங்க?"

"முந்தானையால."

ரூபீனா முந்தானையைப் பார்த்தாள். ஜான்சியும் குனிந்து பார்த்தாள். காலையிலிருந்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததும் அதே முந்தானைதான்.

"வேற பொடவ கட்டிப்பேன்," என்றாள் ஜான்சி.

"புடவையில இல்லம்மா விஷயம். வயித்துல பிள்ளை இருக்கிறவங்க, கைக்குழந்தை, வயசானவங்க, சுகர், இளைப்பு இருக்கிறவங்க. இவங்களுக்கு இது வெறும் காய்ச்சலாப் போகாது. நெஞ்சுல இறங்கிடும். உங்களுக்கே மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா, உடனே வந்துடணும். புரியுதா?"

"புரியுது."

புரியத்தான் செய்தது. ஆனால் புரிந்தது காலையில். பாலன் வருவது சாயங்காலம்.

*

கஞ்சி குடித்து மாத்திரை போட்டுப் படுத்தவளுக்கு மத்தியானத்தில் குப்பென்று வேர்த்தது. எழுந்து உட்கார்ந்தாள். தலை இறகு மாதிரி இருந்தது. கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. மாத்திரை இறக்கினது என்று சிஸ்டர் சொன்னது காதுக்குள் எங்கோ ஒரு மூலையில் கேட்டது. யார் இறக்கினால் என்ன, இறங்கிவிட்டதல்லவா?

வெந்நீரில் முகம் கழுவினாள். பெட்டியிலிருந்து நீலப் புடவையை எடுத்துக் கட்டினாள். முந்தானை தவிர தனியாக ஒரு வெள்ளைத் துண்டு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மூக்குக்கு ஒன்று, பாலனுக்கு ஒன்று. இப்போது என்ன சொல்வாள் சிஸ்டர்? பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

"அக்கா! ரெடியாயிட்டியா?"

பெர்னா. மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். படகு இன்ஜின் மெக்கானிக்கின் பெண்சாதி. வருஷா வருஷம் பாலனுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஜான்சியை ஒட்டியே நடப்பவள். கல்யாணமாகி ஆறு வருஷம், இன்னும் வயிறு திறக்கவில்லை. ஜான்சிக்குப் பிறகு பாலன் அவள் கைக்குத்தான் என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும். அவளாக ஒருநாளும் கேட்டதில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். யாராண்டயும் சொல்லாத. அவராண்டயே நாளைக்குத்தான் சொல்லப் போறேன். மொதல்ல உன்னாண்டதான்." கையிலிருந்த குடையைக் கீழே போட்டாள். "நாளு தள்ளிப் போச்சுக்கா. டெஸ்ட்டு பண்ணேன். ரெண்டு கோடு!"

சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அங்கியே நில்லு!"

பெர்னா நின்றுவிட்டாள்.

"கிட்ட வராத! போ! வெளிய போடி!"

"அக்கா...?"

"போன்னா போ!" கத்தின கத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. முழங்கையை மடக்கி அதற்குள் இருமினாள் ஜான்சி. நிமிர்ந்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

ஜன்னலுக்கு ஓடினாள். பெர்னா மழைத் தண்ணீரை மிதித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

"ஏ பெர்னா! நில்லுடி! எனக்குக் காச்சல்டி! ஒட்டிக்கும்! வயித்துல வெச்சிகினு கீறவளுக்கு ஆவாதாம், ஆஸ்பத்திரில சொன்னாங்கோ!"

பெர்னா திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணி. "அதுக்கு நாய வெரட்டுற மாரி வெரட்டுவியா? நான் இன்னா நெனைச்சேன் தெரியுமா? அக்கா வயிறு எரியுதுன்னு நெனைச்சேன்."

"எரியல," என்றாள் ஜான்சி. சொல்லிவிட்டுத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் எரிந்தது. இல்லையென்று சொல்வதற்கில்லை. "அப்டியே எரிஞ்சா கூட உனக்கு இருமல் ஒட்ட வெக்க மாட்டேன்டி. அங்கியே நின்னு கேளு. இன்னிக்கு நான் தூக்கல."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தீர்மானம் என்று அவளுக்கே தெரிந்தது. பவுடர் போட்ட முகம், நீலப் புடவை, தோளில் துண்டு. எல்லாம் அப்படியே நின்றன.

"பின்ன யாரு தூக்குவாங்கோ?"

"நீ தூக்கு."

"நான் எப்டிக்கா? எனக்குத்தான் இப்போ..."

"யாருக்குத் தெரியும்? உன் புருசனுக்கே தெரியாது."

"பாலனுக்குத் தெரியுமே."

"அவரு யாராண்டயும் சொல்ல மாட்டாரு."

*

பெர்னா போய் மரியசெல்வத்தை அழைத்து வந்தாள். அந்தச் சந்தின் ஜெபக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஒரு காலத்தில் கட்டுமரம் ஓட்டியவர், இப்போது இளைப்புக்காரர். பாலன் வருஷம் முழுக்க அவர் வீட்டுப் பெட்டியில்தான் இருப்பார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குனிய, உள்ளே இருந்து ஜான்சி, "தள்ளி நில்லு மாமா," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. பெருங்குடி ஆபீசுலருந்து மக லீவு போட்டு வந்து ஊசி போட வெச்சா. ஐப்பசிலயே."

"ஊசி போட்டா வந்து மூஞ்சிக்கு நேரா நிக்கணுமா? தள்ளி நில்லு."

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "இன்னாம்மா, இத்தினி வருசம் இல்லாத வழக்கம். நீ தூக்கலன்னா வேணாம், இந்த வருசம் நிறுத்திடலாம். அடுத்த வருசம் நீயே தூக்கு. இன்னா கெட்டுப் போச்சு?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாலன் பெட்டியிலேயே இருப்பார், அடுத்த மார்கழிக்கு அவள் கைக்கே வருவார். ஒரு தடவை கை மாறினால் மாறினதுதான் என்பது அவளுக்குத் தெரியாதா? இதற்கு முன்னால் தூக்கினவர்களுக்கு யாராவது திருப்பிக் கொடுத்தார்களா?

"மாமா," என்றாள், "வருசத்துக்கு ஒரு வாட்டி வாசலுக்கு வர்றாரு. அந்த ஒரு வாட்டிக்காகவே ஒக்காந்துகினு கீறவங்களும் இருப்பாங்கோ. அதையும் நிறுத்துவியா?"

மரியசெல்வம் தாடியைச் சொறிந்தார். "சர்தான். பெர்னாவே தூக்கட்டும்."

"இன்னொண்ணு. முத்தம் வேணாம். கும்பிடட்டும், போதும்."

"அடியம்மா! பாலன்கிட்டருந்து நோவு வருமா?"

"பாலன்கிட்டருந்து வராது. நம்ம வாயிலருந்து வரும். குப்பத்துல எத்தினி பேரு இருமிகினு கீறாங்கன்னு உனக்கே தெரியும். ஒரே துணி, ஒரே காலு, ஊரு வாயி. சந்துல அத்தன கைக்கொழந்த கீது."

"கெழவிங்க கேக்காதுங்க."

"நீ சொல்லு, கேக்கும். இல்லாட்டி பெர்னா கைய ஒசரத் தூக்கிக்கட்டும். ஏய் பெர்னா, உள்ள எங்கியும் ஒக்காராத. வாசல்லியே நில்லு. மூக்க மூடிக்கோ."

"இன்னா மாமியாரு மாரி அடுக்கினே போற," என்றாள் பெர்னா. சிரித்தாள்.

"என் வாசல்ல நிக்க வேணாம்," என்றாள் ஜான்சி கடைசியாக. "பாடிகினே நேரா போயிடுங்கோ. நான் படுத்துப்பேன்."

*

படுக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். புடவையை மாற்றவும் மனசு வரவில்லை. காய்ச்சல் மறுபடியும் ஏறிக்கொண்டிருந்தது; சிஸ்டர் சொன்னபடியே, மாத்திரையின் நேரம் முடிந்ததும் அது தன் நேரத்துக்கு வந்துவிட்டது. பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன.

சந்து முனையில் டிரம் சத்தம் கேட்டது. ஒரு வீடு. பாட்டு நின்றது, கைதட்டல், சிரிப்பு. அடுத்த வீடு. அவளுக்கு ஒவ்வொரு வீடும் சத்தத்திலேயே தெரிந்தது. இது சகாயம் வீடு, படி உயரம், பார்த்து ஏற வேண்டும். இது தையல்காரி வீடு, அவள் பிள்ளை டிரம்முக்குப் பயந்து அழும். இதோ அழுகிறது.

குப்பம் யார் சொல்லையும் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. தண்ணி லாரிக்கு வரிசையில் நில் என்றால் நிற்காது. கரையில் குப்பை போடாதே என்றால் போடும். அலை வருகிறது வெளியே வா என்று கவர்மெண்டே மைக்கில் கத்தினாலும் வராது. நிற்க வேண்டாம் என்று தான் சொன்னதை மட்டும் கேட்டுவிடவா போகிறார்கள்? யாராவது ஒருத்தர், "போய் ஒரு பாட்டாவது பாடுவோம்டா, பாவம்" என்று சொல்லாமலா இருப்பார்கள்? ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டாள். தூரத்தில் நின்று பாடினால் தப்பில்லை.

பக்கத்து வீட்டில் நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏசுவின் பிறப்பைப் பாடினார்கள். "முத்தம் இல்லியாம், கும்பிடுங்க, கும்பிடுங்க," என்று மரியசெல்வத்தின் குரல் இளைத்தது. கேக் தட்டு கை மாறுகிற சத்தம். பிறகு டிரம் நகர்ந்தது.

"இன்னாடா, ஜான்சி வூட்டுல லைட்டு எரியல?"

"ஒடம்பு சரியில்லியாம். நிக்க வேணாம்னு சொல்லிச்சு."

"சரி, அப்போ நட."

தாத்தா வேஷம் போட்டவன் அவள் வாசலை ஒரே எட்டில் தாண்டினான். பெர்னாவைக் குடை மறைத்தது. குடைக்குக் கீழே அவளுடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன, அவற்றுக்கு நடுவே பாலனின் வெள்ளைப் பாதம். ஒரு பெண்பிள்ளை சொன்னது தெளிவாகக் கேட்டது: "பெர்னாக்கா கைல எவ்ளோ பாந்தமா கீறாரு, பாரேன்."

அடுத்த வீட்டில் நின்றார்கள். பாடினார்கள்.

சொன்னபடி கேட்டுவிட்டார்கள். ஜான்சி ஜன்னலை மூடப் போனாள். திறந்து வைத்துப் படுக்கச் சொன்னது ஞாபகம் வந்து, அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

*

ஒரு வாரம் கிடந்தாள். கிறிஸ்துமஸ் பூசையின் மணியைப் பாயிலிருந்தே கேட்டாள். பெர்னா தினமும் கஞ்சிப் பானையை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்று, "எடுத்துக்கோக்கா," என்று கத்திவிட்டுப் போனாள். கதவைத் திறந்தால் தெருமுனையில் அவள் முதுகு தெரியும்.

எழுந்து மார்க்கெட்டுக்குப் போனால் குப்பனைக் காணவில்லை. சில நாள் கழித்து வந்தான், அரை ஆளாக.

"உன் பக்கத்துல ஒக்காந்து மீன் வெட்டின பாவத்துக்கு, என்னியே வெட்டிப் போட்டுச்சுக்கா. அடுத்த வாட்டி இருமறதுன்னா மெரினா பக்கம் போய் இருமு."

"இன்னா மாத்திர போட்ட?"

"கலர் மாத்திரதான்."

"உன்ன யானைதான் மிதிக்கணும்," என்றாள் ஜான்சி.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. பெர்னாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. சந்தில் பேச்சும் ஆரம்பித்தது. மீன் வாங்க வருகிறவர்களே ஜான்சி முன்னால் நின்று பேசினார்கள். "ஒரே ஒரு வாட்டி தூக்கினா, குடுத்துட்டாரு பாரு." "கை ராசின்னு ஒண்ணு கீதே." "ஆமாமா, சிலரு கைல வருச கணக்கா இருந்தாலும் இருந்தாருன்னுதான்." அவள் யார் என்று தெரியாதது போலவும் பேசினார்கள், தெரிந்துதான் பேசினார்கள். ஜான்சி மீனை நிறுத்துப் போட்டாள்.

"ஆமா, பாலன் குடுத்த புள்ளதான்," என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள்.

ஒருநாள் வெயில் ஏறின பிறகு, கூட்டம் கலைந்த நேரத்தில், பெர்னா வந்து பலகைக்கு எதிரே நின்றாள்.

"ஆஸ்பத்திரில ஃப்ளூ ஊசி கேக்கச் சொன்னேனே, கேட்டியா?"

"டாக்டரம்மாவ கேட்டுப் போட்டாச்சுக்கா." சேலைத் தலைப்பைத் திருகினாள். "அக்கா, நான் யாராண்டயும் ஒண்ணும் சொல்லல. அவங்களாவே பேசிகினு கீறாங்கோ. மாமியா வேற ஊரெல்லாம் சொல்லிகினு திரியுது."

"உன் புருசனுக்குத் தெரியுமில்ல?"

"எங்க? மறுநாள் சொன்னேன். 'நேத்துதான் தூக்கின, இன்னிக்கே குடுத்துட்டாரே'ன்னு ஓன்னு அழுவுறாரு. அப்புறம் எப்டிக்கா சொல்றது?"

ஜான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ராத்திரிலயா? இன்ஜின் ரிப்பேர் பண்றவன் கணக்கு அவ்ளோதான்."

பெர்னாவும் சிரித்தாள். உடனே நிறுத்தினாள். "உன்ன இன்னா பேசுறாங்கன்னு எனக்குக் காதுல வுழுதுக்கா. இப்பவே மூணு பொண்ணுங்க அடுத்த மார்கழிக்கு எனக்கு, எனக்குன்னு மாமா வூட்டு வாசல்ல நிக்கிறாங்கோ. நான் உண்மைய சொல்லிடட்டா? தூக்கறதுக்கு முன்னாடியே இருந்துதுன்னு. நீ சொல்லுன்னா சொல்றேன். அப்போ பாலன் உன் கைக்கே வந்துடுவாரு."

ஜான்சி நெத்திலியை ஒரு கை அள்ளிப் பலகையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளினாள். பெர்னா காத்துக்கொண்டு நின்றாள்.

"கொழம்பு வெக்கிறியா, வறுக்கிறியா?"

"அக்கா, நான் கேட்டதுக்கு..."

"கேட்டுச்சு. புளி கம்மியாப் போடு, இப்போ ஒத்துக்காது." மீனைக் கழுவிப் பையில் போட்டு நீட்டினாள். "அந்த மூணு பேர்ல மூத்தவ யாரு?"

"தையல்கார அக்காவோட தங்கச்சி. முப்பத்தஞ்சு தாண்டிச்சு."

"மாமாவாண்ட நான் சொன்னேன்னு சொல்லு. அவளுக்குக் குடுக்கச் சொல்லு," என்றாள் ஜான்சி. "அவளுக்குத்தான் வயசு போய்க்கினு கீது."